பையன் வேலைக்குப் போய்விட்டான், ஜீவனாம்சத்தை நிறுத்தலாமா?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஓரிரு மாதம் ஆனதும் எங்களைப் போன்ற குடும்ப நல வழக்கறிஞர்களிடம் தவறாமல் வரும் கேள்வி இது. பையன் படிப்பை விட்டுவிட்டு மொபைல் கடையிலோ, டூவீலர் ஒர்க்‌ஷாப்பிலோ, திருப்பூர் பனியன் கம்பெனியிலோ சேர்ந்திருப்பான். பிரிந்து வாழும் அப்பாவுக்குச் சொந்தக்காரர் யாராவது சொல்லியிருப்பார்கள். "அவன்தான் சம்பாதிக்கிறானே சார், இனி நான் எதுக்குக் கட்டணும்?" என்பார்.

கேள்வியில் தப்பில்லை. சிக்கல் என்னவென்றால், என்னிடம் கேட்க வருவதற்கு முன்பே அவர் பணத்தை நிறுத்தி நாலைந்து மாதம் ஆகியிருக்கும். பாக்கி கேட்டு மனைவி தரப்பில் மனுவும் போட்டிருப்பார்கள். சம்மன் கைக்கு வந்த பிறகுதான் வக்கீல் நினைவு வருகிறது.

ஜீவனாம்ச ஆணையைப் போட்டது நீதிமன்றம். காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அதை ரத்து செய்யவோ குறைக்கவோ நீதிமன்றத்தால்தான் முடியும். பூபிந்தர் சிங் எதிர் தல்ஜித் கவுர் வழக்கில், மனைவி மறுபடி என்னோடு சேர்ந்து வாழ்ந்துவிட்டாள், அதனால் பழைய ஆணை செத்துவிட்டது என்று கணவர் வாதாடினார். சட்டத்தில் சொன்ன வழியில் ரத்தாகும் வரை ஆணை உயிரோடுதான் இருக்கும் என்றது உச்ச நீதிமன்றம். சேர்ந்து வாழ்ந்ததே போதாது என்றால், பையன் வேலைக்குச் சேர்ந்ததை வைத்து நாமே முடிவெடுத்துவிட முடியுமா?

நிறுத்தினால் என்ன ஆகும்? பாக்கிக்கு வாரண்ட் வரும். அதற்கும் கட்டாவிட்டால், கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்கலாம். உள்ளே போய் வந்துவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும் என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருப்பார்கள். தீராது. சிறை என்பது பணத்தைக் கட்ட வைக்கும் வழி, கடனைக் கழிக்கும் வழி அல்ல என்று 1988-லேயே குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனைவி தரப்புக்கும் ஒரு எச்சரிக்கை: ஒரு தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் அதற்கு வாரண்ட் கேட்க முடியும். "அப்புறம் மொத்தமா கேட்டுக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, முறையான வழி என்ன? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நாம் காலங்காலமாக 125 என்று சொல்லிவந்த ஜீவனாம்சப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 144. சூழ்நிலை மாறினால் தொகையை மாற்றக் கேட்கும் பழைய 127 இப்போது 146. எண்தான் மாறியிருக்கிறது, அடிப்படை அதேதான். மகன் சம்பாதிக்கிறான் என்பது அந்தச் 'சூழ்நிலை மாற்றம்'. அதைச் சொல்லி மனு போட வேண்டும், நிரூபிக்க வேண்டும், தீர்ப்பு வரும் வரை பழைய தொகையைக் கட்டிவர வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் யாருக்கும் பிடிப்பதில்லை.

என்னிடம் வந்த ஒரு அப்பாவிடம், லண்டனில் இருக்கும் மச்சான் 'படிப்பை விட்டால் ஜீவனாம்சம் நின்றுவிடும்' என்று சொன்னாராம். அங்கே விதி அப்படித்தான்: பொதுவாக 16 வயது வரை, பள்ளி அளவிலான முழுநேரப் படிப்பில் தொடர்ந்தால் 20 வரை. நம் பிரிவில் படிப்பு என்ற அளவுகோலே இல்லை. மைனராக இருக்க வேண்டும், தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள முடியாதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே 16 வயதுப் பையன் பள்ளியை விட்டு வீட்டில் சும்மா இருந்தாலும் அப்பாவின் பொறுப்பு போகாது. வேலைக்குப் போனாலும், அந்தச் சம்பளத்தில் சாப்பாடு, துணிமணி, தங்குமிடம், மருந்துச் செலவு எல்லாம் நடக்குமா என்றுதான் நீதிபதி பார்ப்பார். முகூர்த்த நாளில் மட்டும் கேட்டரிங்குக்குப் போய் ஐந்நூறோ அறுநூறோ வாங்குகிறவனைச் 'சம்பாதிக்கிற மகன்' என்று காட்ட முடியாது. அப்ரண்டிஸாகச் சேர்ந்து உதவித்தொகை வாங்குகிறவன் கதையும் பெரும்பாலும் இதுதான்.

நிரூபிப்பது இன்னொரு பாடு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருந்தால் வேலை சுலபம். மைனர் பையன்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கையில்தான், பதிவேட்டில் பெயரே இருக்காது. முதலாளியைச் சாட்சிக்கு அழைத்தால் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்பார். பைக்கில் சாய்ந்து நின்று பையன் போட்ட இன்ஸ்டாகிராம் ரீல்ஸை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்த பைக் யாருடையது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் அதோடு முடிந்தது. வேலையின் தன்மையும் முக்கியம். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள் போன்ற அபாயத் தொழில்களில் வைக்கக்கூடாது. மைனர் மகன் பட்டாசுத் தொழிற்சாலையில் சம்பாதிக்கிறான், எனக்கு விலக்கு கொடுங்கள் என்று மனு போடுகிறவர், பிள்ளையைக் காப்பாற்ற என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. பையன் ஏன் படிப்பை விட்டான்? வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் பல வழக்குகளில் தேதிகளே கதை சொல்லிவிடும். முதலில் பணம் நின்றிருக்கும். அடுத்து ஸ்கூல் ஃபீஸ் பாக்கி விழுந்திருக்கும். அப்புறம்தான் பையன் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருப்பான். தான் நிறுத்தியதால் வந்த வேலையைக் காட்டி, அதனால்தான் நிறுத்தினேன் என்று சொல்வதை எந்த நீதிபதியும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார். என் கட்சிக்காரர் அப்பாவாக இருந்தாலும், இதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுவேன்.

18 முடிந்தால் மகன் விஷயத்தில் இந்தப் பிரிவு நின்றுவிடும். உடல் அல்லது மனக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு அந்த வயது வரம்பு இல்லை. மகளுக்குக் கணக்கே வேறு. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-ன் 20-வது பிரிவுப்படி, தன் வருமானத்தில் வாழ முடியாத திருமணமாகாத மகள் 18-க்குப் பிறகும் கேட்கலாம். 2020-ல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை உறுதி செய்தது. ஆனால் அதற்குத் தனியாக அந்தச் சட்டத்தின் கீழ் போக வேண்டும் என்றது.

நடைமுறையில் பலர் கோட்டை விடும் இடம் ஆணையின் வாசகம். 'மனைவிக்கு 6,000, மகனுக்கு 4,000' என்று பிரித்து எழுதியிருந்தால் எதற்கு மனு போடுகிறோம் என்பது தெளிவு. 'இருவருக்கும் சேர்த்து 10,000' என்றிருந்தால், மகனுக்கு 18 ஆன மாதத்திலிருந்து பாதியைக் கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களே கணக்குப் போடாதீர்கள். பிரித்துத் தரச் சொல்லி மனு போடுங்கள். 'பையன் கையிலேயே கொடுத்துட்டேன்', 'போன் வாங்கிக் கொடுத்தேன்' என்பதும் ஜீவனாம்சக் கணக்கில் சேராது. ஆணையில் சொன்னவரின் வங்கிக் கணக்கில் போட்டு, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் வருமானம், சொத்து, செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். மகன் மாதச் சம்பளம் வாங்குகிறான் என்றால் அதையும் எழுதுங்கள். மறைத்து மாட்டினால் மகனுக்கான தொகை மட்டுமல்ல, உங்கள் தொகை பற்றிய பேச்சிலும் நம்பகத்தன்மை போய்விடும். பையன் வேலையை விட்டு ஐ.டி.ஐ.-யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தால், 18 ஆகாதவரை அதுவும் சூழ்நிலை மாற்றம்தான்; குறைத்த தொகையைக் கூட்டக் கேட்கலாம்.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்குச் சமரச ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் 'படிப்பு முடியும் வரை' என்று ஒரே வரியில் விட்டுவிடுகிறார்கள். எந்தப் படிப்பு? அரியர் வைத்தால்? நடுவில் ஒரு வருடம் வேலைக்குப் போய்த் திரும்பினால்? கையெழுத்துப் போடும் முன்பே எந்த வயது வரை, எந்தப் படிப்பு வரை, வேலைக்குப் போனால் எவ்வளவு சம்பளத்துக்கு மேல் தொகை குறையும், யார் யாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அரைப் பக்கம் கூடும். உங்கள் வக்கீல் அலுத்துக்கொண்டாலும் விடாதீர்கள்.