கிராமிங்னா என்ன, அதைத் தமிழ்ல எப்படிச் சொல்ல?

கிராமிங்னு பாத்ததும் கிராமம், கிராம் கணக்குன்னு எங்கியும் போயிடாதீய, ரெண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. நாம கேக்காத சேவைக்கு போன் பில்லுலயோ ரீசார்ஜ் பேலன்ஸ்லயோ சத்தமில்லாம துட்டைப் பிடிக்கிறதுக்குத்தான் இந்தப் பேரு. ராசிபலன், ஜோக், கிரிக்கெட் ஸ்கோர், காலர் டியூன்னு ஏதாவது ஒண்ணு தானா ஆக்டிவேட் ஆயிருக்கும், கேட்டா நீங்கதான் ஓகே குடுத்தீங்கம்பாவ.

இங்கிலீஷ்ல கிராம் (cram)னா கொள்ளாத இடத்துல அமுக்கித் திணிக்கிறது, பழைய இங்கிலீஷ்லயே இருக்க சொல்லு. பரீட்சைக்கு முந்துன ராத்திரி மொத்தப் புத்தகத்தையும் மண்டையில ஏத்துதானுவளே, அதுக்கும் இதே சொல்லுதான். 1990கள்ல அமெரிக்காவுல லேண்ட்லைன் பில்லுல வேற கம்பெனிக்காரன் கட்டணமெல்லாம் நுழைய ஆரம்பிச்சப்போ இந்த அர்த்தம் வந்து ஒட்டிக்கிட்டு. (கேக்காமலே நம்ம டெலிபோன் கம்பெனியையே மாத்திவிட்டா அது ஸ்லாமிங், அது தனிக் கதை.)

இது எப்படி நடக்குன்னா, பாளையங்கோட்டையில பலசரக்குக் கடையில கடனுக்கு நோட்டுல எழுதி வாங்குதோம்னு வைங்க, மாசக் கடைசியில நோட்டைப் பாத்தா வாங்காத புளி ரெண்டு கிலோ இருக்கு, அண்ணாச்சிகிட்ட கேட்டா "எழுதினது பக்கத்துக் கடைக்காரரு, நான் வசூல் மட்டுந்தான்"ங்காரு, ஆனா அந்தப் புளிக் காசுல அவருக்கும் பங்கு உண்டு. ஜோக் அனுப்புதவன், நடுவுல அக்ரிகேட்டர்ங்கிற இடைத்தரகன், கடைசியில டெலிகாம் கம்பெனின்னு கை மாறி வரதால யாரைப் பிடிச்சாலும் அடுத்தவனைக் காட்டுவான். அமெரிக்காவுல டி-மொபைல்ங்கிற போன் கம்பெனி மேல 2014ல எஃப்டிசி (நுகர்வோரைப் பாதுகாக்க அந்த நாட்டு அரசு அமைப்பு) போட்ட வழக்குல, இந்தக் கட்டணத்துல 35லேர்ந்து 40 சதவீதம் வரைக்கும் கம்பெனியே எடுத்துக்கிட்டுன்னும், சில சேவைக்கு ஒரே மாசத்துல 40 சதவீதம் வரைக்கும் ஆளுங்க ரீஃபண்ட் கேட்டும் நிறுத்தலைன்னும் குற்றச்சாட்டு. அவ்வளவு பேரு திருப்பிக் கேக்கும்போது தெரியாதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? குறைஞ்சது 9 கோடி டாலர்னு அந்த வருசமே செட்டில் பண்ணினாங்க, ஏடி அண்ட் டிங்கிற இன்னொரு போன் கம்பெனி 10.5 கோடி.

இப்ப தமிழ்ச் சொல்லு. நம்ம ஊர்ல ஆபீஸ் பாசையில இதெல்லாம் "மதிப்புக் கூட்டுச் சேவை". யாருக்கு மதிப்பு கூடுதுன்னு மட்டும் சொல்ல மாட்டாவ. நான் எடுக்கது கட்டணத் திணிப்பு. பில் திணிப்புன்னும் சொல்லலாம், ஆனா இங்க முக்கால்வாசிப் பேரு பிரீபெய்டு, பில்லுன்னு ஒரு காயிதமே கண்ணுல படாது, பேலன்ஸ் கொறஞ்சாத்தான் தெரியும். கட்டண மோசடின்னு சிலர் எழுதுதாவ, அது ரொம்ப அகலம், ஓடிபி கேட்டு ஏமாத்துதவனும் அதுக்குள்ள வந்துருவான். திணிப்புங்கதுல "நான் கேக்கலை"ங்கது சொல்லுக்குள்ளயே இருக்கு, சண்டையே அந்தச் சம்மதத்தைப் பத்தித்தான.

டிராய் (இந்தியாவுல டெலிகாம் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துத ஆணையம்) 2013ல போட்ட உத்தரவும் அந்தச் சம்மதத்துலதான் கை வச்சுது: ஒரு தடவை அமுக்குனது பத்தாது, ரெண்டாவது தடவையும் உறுதி வாங்கணும். நிறுத்த 155223ன்னு பொது நம்பர். கேக்காம ஆக்டிவேட் ஆனதை 24 மணி நேரத்துக்குள்ள சொன்னா பிடிச்ச துட்டைத் திருப்பித் தரணும், அதனால வந்த மெசேஜை அழிச்சிராதீய.

அதுலயும் சரியா வரலைன்னா 1915, நுகர்வோர் ஹெல்ப்லைன். முன்னாடியெல்லாம் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனா தந்திச் சட்டம் 1885ஐக் காட்டி, இது ஆர்பிட்ரேசனுக்கு, அதாவது நடுவர்கிட்ட, போக வேண்டிய கேசுன்னு கம்பெனிக்காரன் வாதாடுவான், 2009ல சுப்ரீம் கோர்ட்டே அப்படித்தான் சொல்லிச்சு. வோடஃபோன் ஐடியா வழக்குல 2022 பிப்ரவரில அதே கோர்ட் நுகர்வோர் கமிசன் விசாரிக்கலாம்னு சொல்லிட்டு, அதனால இப்போ நெல்லை மாவட்டக் கமிசன்லயே மனு போடலாம்.