நண்பன் வீட்டில் தங்கப் பயப்படும் பிள்ளை

விடுமுறை காலத்தில் வயிற்றுக்குத்து என்று என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலருக்கு வயிற்றில் ஒரு குறையும் இருப்பதில்லை. அப்படி ஒரு பத்து வயதுப் பையன் வந்தான் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் இருக்கிற நண்பன் ஒரு இரவு தங்க வரச்சொல்ல, இவனும் துள்ளிக் குதித்துவிட்டு, நாள் நெருங்க நெருங்கச் சாப்பாட்டையும் விட்டுச் சுருண்டு படுத்துவிட்டான். "பயந்தாங்கொள்ளி டொக்டர், அம்மம்மா வீட்டைத் தவிர எங்கயும் படுக்கமாட்டான்" என்றார் அம்மா, அவன் முன்னாலேயே.

அம்மாவைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இரவில் படுக்கையில் சலம் போகிறதா என்று கேட்டேன். அழுதுவிட்டான்.

5 வயதில் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 15 பேருக்கும், 10 வயதில் ஏறக்குறைய 5 பேருக்கும் இது இருக்கிறது. சோம்பலோ கொழுப்போ இல்லை, மூத்திரப்பை நிறைந்தாலும் ஆழ்ந்த நித்திரையில் பிள்ளைக்கு விழிப்பு வருவதில்லை, தாய் தகப்பனுக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். அடிப்பதாலும் அண்ணன் அக்கா முன்னால் கேலி செய்வதாலும் ஒரு சொட்டும் குறையாது. மலச்சிக்கலும் இதைக் கூட்டும் என்பதால் அதையும் கவனியுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்ப நனைக்கத் தொடங்கினால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், கிருமித்தொற்றோ நீரிழிவோ மனதைக் கலக்கிய ஏதோ ஒன்றோ காரணமாக இருக்கலாம்.

வெளியே தங்கும் இரவுகளுக்கென்றே இரவில் சலம் சுரப்பதைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் என்ற மாத்திரையைக் கொடுப்பதுண்டு. வைத்தியர் சொல்லித்தான் எடுக்கவேண்டும், முதலில் வீட்டில் போட்டுப் பார்க்கவேண்டும், மாத்திரை குடித்த இரவில் தண்ணீரை மட்டுப்படுத்தவேண்டும்.

பெற்றோரின் பயமும் எனக்குப் புரிகிறது. 1990இல் யுத்தத்துக்குப் பயந்து ஓடியும் 2004இல் சுனாமியாகக் கடல் வந்தபோதும்தான் எங்களில் பலர் பிறர் வீடுகளில் படுத்தோம். அந்தப் பதற்றம் வாசலில் நின்று வழியனுப்பும்போது பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கேட்கவேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: இரவில் வீட்டில் யார் யார் இருப்பார்கள், பிள்ளைகள் எந்த அறையில் படுப்பார்கள், கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, கடலுக்குப் போவதென்றால் பெரியவர் யார் கூடப் போவார். நல்ல குடும்பம் இதற்குக் கோபிக்காது. யாராவது தொட்டது பிடிக்காவிட்டால், அதை ரகசியமாக வைக்கச் சொன்னாலும், அம்மாவிடம் சொல்லலாம் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்படி ஏதும் நடந்தால் இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது.

அப்புறம், எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவோம், ஏன் என்று கேட்கமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். அந்தப் பையன் முதல் தடவை இரவு பதினொரு மணிக்குப் போன் எடுத்தான். அப்பா மோட்டார் சைக்கிளில் போய் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றிக்கொண்டு வந்தார். அடுத்த விடுமுறையில் அவனே கேட்டுப் போய், காலைச் சாப்பாடும் முடித்துக்கொண்டுதான் திரும்பினான்.