அட்டர்னி ஜெனரல் உங்கள் வக்கீல் இல்லை

வக்கீலான என்னிடம் போன வாரமும் ஒருவர் வந்தார். சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்ற காண்டிராக்டரிடம் பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பாதி அலமாரியும் மூடாத சுவருமாக இரண்டு வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, எல்லாம் போனில் பேசியதுதான். "ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க?" என்றால், "சும்மா இல்லையே அக்கா, அப்பவே அட்டர்னி ஜெனரலுக்குப் புகார் போட்டுட்டேனே. கேஸ் நடந்துட்டிருக்குன்னுல்ல நெனச்சேன்" என்கிறார்.

எந்தக் கேஸும் நடக்கவில்லை. கலிஃபோர்னியாவில் வாய்மொழி ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 2 ஆண்டு கெடு. எழுத்தில் இருந்தால் 4. மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து 3. இவருக்கு மோசடி என்ற வழியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இதே பதிலோடு எத்தனை பேர்தான் வருவார்கள்? படித்தவர்கள், மென்பொருள் ஒப்பந்தங்களை வரி வரியாகப் படிக்கிறவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி ஏமாறுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். மாநில அட்டர்னி ஜெனரல், மாநிலத்தின் வழக்கறிஞர். உங்கள் வழக்கறிஞர் இல்லை. தனிமனிதர் சார்பாக அந்த அலுவலகம் நீதிமன்றம் ஏறாது, சட்ட ஆலோசனையும் தராது. இதை அவர்களே தங்கள் இணையப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அனுப்பும் புகாரை அந்த நிறுவனத்துக்கே அனுப்பிப் பதில் கேட்கலாம், வேறு துறைக்குத் தள்ளிவிடலாம், அல்லது கோப்பில் வைத்துக்கொள்ளலாம். புகாருக்கு ஒரு எண் வரும். அது வழக்கு எண் இல்லை. அந்த எண்ணை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்தாலும் கெடு ஒரு நாள்கூட நிற்காது.

தேர்தல் வந்தால் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. அதிலும் ஏதாவது ஓர் ஊர் மேயர் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். கேள்வி நேரம் என்று மைக்கைக் கொடுத்தால் நம் ஆட்கள் கேட்பது: எங்கள் தெருவில் கார்க் கண்ணாடியை உடைக்கிறார்களே, என்ன செய்வீர்கள்? சாலைப் பள்ளத்தில் டயர் கிழிந்ததே, யார் பணம் தருவார்? கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும்? முதலிரண்டும் மேயரிடம் கேட்க வேண்டியவை, மூன்றாவது வாஷிங்டனில் கேட்க வேண்டியது. வேட்பாளரும் சிரித்த முகத்தோடு மூன்றுக்கும் பதில் சொல்வார். ஓட்டுக் கேட்டு வந்தவர் 'அது என் வேலை இல்லை' என்று ஏன் சொல்லப் போகிறார்?

2006இல் ஜெர்ரி பிரவுன் நின்றபோது நடந்ததும் இதுதான். 1975 முதல் 1983 வரை ஆளுநராக இருந்தவர், பிறகு 1999இல் ஓக்லாண்ட் மேயரானவர், அந்த நாற்காலியில் இருந்தபடியே அட்டர்னி ஜெனரல் தேர்தலில் இறங்கினார். எதிரே நின்ற சக் பூச்சிகியன் பிடித்துக்கொண்டது ஓக்லாண்டின் குற்றங்களை. ஊரையே அடக்க முடியாதவர் மாநிலத்தை எப்படி அடக்குவார் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தெருவில் போலீஸ் நிறுத்துவது அட்டர்னி ஜெனரலா? கொலை, கொள்ளை, வீடு புகுந்து திருட்டு எல்லாவற்றுக்கும் வழக்கு நடத்துவது அந்தந்த கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (டி.ஏ.). இங்கே 58 கவுண்டி, 58 டி.ஏ., ஒவ்வொருவரும் தனித் தேர்தலில் வருகிறவர்கள். அவர்களை மேற்பார்வை செய்யும் அதிகாரம் அரசியலமைப்பில் அட்டர்னி ஜெனரலுக்கு உண்டு என்பது உண்மை. அதற்காக உங்கள் கார்க் கண்ணாடிக்கு மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவிலிருந்து யாரும் வரப்போவதில்லை. தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்தால் எதிர்த்து வாதாடுவதுதான் குற்ற வழக்குகளில் அந்த அலுவலகத்தின் அன்றாட வேலை.

அந்தத் தேர்தலில் கேட்கத் தகுந்த ஒரு கேள்வியும் எழுந்தது, ஆனால் அதை எழுப்பியவர்கள் நீதிமன்றத்தில் எழுப்பினார்கள். இந்தப் பதவிக்கு வர, தேர்தலுக்கு முந்தைய 5 ஆண்டும் வழக்கறிஞராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பிரவுன் தன் பதிவைச் சில ஆண்டுகள் செயல்படாத நிலையில் வைத்திருந்தார், ஆகவே தகுதி இல்லை என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. (பார் கவுன்சில் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் என் சக வழக்கறிஞர்கள் கவனிக்க.)

அவர் ஜெயித்து வந்த பிறகு செய்தவற்றைப் பார்த்தால் அந்தப் பதவி எதற்கு என்று புரியும். 2007இல் சான் பெர்னார்டினோ கவுண்டியின் வளர்ச்சித் திட்டத்தில் புவியை வெப்பமாக்கும் வாயுக்களின் கணக்கு இல்லை என்று அந்தக் கவுண்டி மீதே வழக்குப் போட்டார். 2008இல் கண்ட்ரிவைட் நிறுவனம் வீட்டுக் கடன் விற்ற விதத்துக்காக அதன் மீது. ஒரே பாலினத் திருமணத்தைத் தடை செய்த ப்ராபொசிஷன் 8ஐ மக்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றியிருந்தும், கூட்டாட்சி நீதிமன்றத்தில் அதற்காக வாதாட மறுத்தார். அடுத்து வந்தவரும் மறுத்தார். சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் தாங்களே வாதாட வந்தபோது, அவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேயரிடம் சாலைப் பள்ளத்தைப் பற்றிக் கேட்ட நேரத்தில், 'எந்தச் சட்டத்துக்காக வாதாட மாட்டீர்கள்?' என்று ஒருவர் கேட்டிருக்கலாம்.

அடுத்து வந்தவர் யாரென்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவரது தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். கமலா ஹாரிஸ் 2010இல் தோற்கடித்தது லாஸ் ஏஞ்சலிஸ் டி.ஏ. ஸ்டீவ் கூலியை. முடிவு தெரியவே மூன்று வாரம் போல ஆனது. அதே ஆண்டு பெல் என்ற சிற்றூரின் நகர நிர்வாகி ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கியது வெளியே வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டு உரிமையியல் வழக்குப் போட்டது அட்டர்னி ஜெனரல் பிரவுன். எட்டுப் பேரைக் கைது செய்து குற்ற வழக்கு நடத்தியது டி.ஏ. கூலி. யார் வேலை எது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

அப்படியானால் புகாரே போட வேண்டாமா என்று கேட்காதீர்கள். கட்டாயம் போடுங்கள். ஒரே நிறுவனத்தைப் பற்றிப் பல புகார்கள் குவிந்தால்தான் அங்கே ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். கொரிந்தியன் என்ற தனியார் கல்லூரி நிறுவனம் மாணவர்களுக்கு வேலை கிடைக்கும் விகிதத்தைப் பொய்யாகக் காட்டியது என்று 2013இல் ஹாரிஸ் வழக்குப் போட்டார். 2016இல் 110 கோடி டாலருக்குத் தீர்ப்பு. அதற்கு முந்தைய ஆண்டே நிறுவனம் திவால். மாணவர்களின் கடன் முழுதாக ரத்தானது 2022இல், அதுவும் மத்தியக் கல்வித் துறையால்: 5 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு 580 கோடி டாலர். பெரிய வெற்றிதான். ஆனால் அத்தனை வருஷம் உங்கள் சமையலறை தாங்குமா?

இனி செய்ய வேண்டியவை. பணம் போன அன்றே காலண்டரில் கெடுவைக் குறியுங்கள், புகாரை அதற்குப் பிறகு எழுதுங்கள். காண்டிராக்டர் விவகாரம் என்றால் முதல் கதவு அட்டர்னி ஜெனரல் இல்லை, மாநிலக் காண்டிராக்டர் உரிம வாரியம். வீட்டு மராமத்துக்கு முன்பணமாக 1,000 டாலர் அல்லது மொத்தத்தில் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். அதற்கு மேல் ஒருவர் கேட்டால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள், தயவுசெய்து. உரிம எண்ணை வாரியத்தின் பக்கத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. 'நம்ம ஊர்ப் பையன், நம்பலாம்' என்ற வாக்கியத்தை நான் கேட்ட அளவுக்கு நீதிபதிகள்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நகராட்சியால் காருக்கோ உடம்புக்கோ சேதம் என்றால் கெடு இன்னும் குறுகியது. 6 மாதத்துக்குள் நகராட்சியிடமே எழுத்தில் உரிமைக்கோரல் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் மேயரிடம் மைக்கில் கேட்டது கணக்கில் வராது.

ஓட்டு இல்லாதவர்கள், அதாவது ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறவர்கள், 'நமக்கு எதற்கு வம்பு' என்று ஒதுங்காதீர்கள். புகார் கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை, வழக்குப் போடவும் தேவையில்லை.

12,500 டாலர் வரையிலான தொகைக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, ஆகவே என்னைக் கூப்பிடாதீர்கள். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸாப் உரையாடல், அந்தப் பாதி அலமாரியின் படம் எல்லாவற்றையும் அச்செடுத்து மூன்று பிரதியாக எடுத்துப் போங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மனுப் போடும்போதே சொல்லிவிடுங்கள். விசாரணை அன்று காலையில் போய்க் கேட்டால் இன்னொரு தேதிதான் கிடைக்கும்.