ஏஐ பர்சென்டேஜை வச்சு பிள்ளைங்களை மடக்காதீங்க, கேள்வி கேளுங்க

ஃபைனல் இயர் ரிப்போர்ட் சப்மிட் பண்ற நேரம் வந்துட்டா இப்போ எல்லா டிபார்ட்மென்ட்லயும் இதே பேச்சுதான், "அந்த பேட்ச்சுக்கு ஏஐ எவ்வளவு வந்திருக்கு?" ரிப்போர்ட்ல எத்தனை பர்சென்ட் ஏஐ எழுதினதுன்னு டிடெக்டர் சாஃப்ட்வேர் சொல்ற நம்பர் அது. முப்பது வந்தா திருப்பி எழுதிட்டு வா, ஐம்பது தாண்டினா வைவாவுக்கே (நேர்ல கேள்வி கேக்கிற பரீட்சை) வராதேன்னு சொல்ற கைடுங்க இருக்காங்க. நான் இன்ஜினியரிங் காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் எடுக்கிறேன், ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் வேலையும் பார்க்கிறேன். அந்த ஒத்த நம்பரை மட்டும் வச்சு ஒரு பிள்ளையோட டிகிரியில கை வைக்கிறது அநியாயம்.

நிறைய பேர் ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. யுஜிசி 2018-ல கொண்டு வந்த ரெகுலேஷன்ல 10 பர்சென்ட் வரைக்கும் தண்டனை இல்ல, அதுக்கு மேல 40, 60-ன்னு லெவல் லெவலா இருக்குல்ல, அது சிமிலாரிட்டிக்கு. ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்க்கிறது, எங்கேர்ந்து எடுத்ததுன்னு சோர்ஸைத் திறந்து நாமளே சரி பார்த்துக்கலாம். ஏஐ ஸ்கோர்ல அப்படித் திறந்து பார்க்க எதுவுமே கிடையாது, அது வெறும் கணிப்பு.

எப்படிக் கணிக்குதுன்னா, முக்கியமா அடுத்த வார்த்தை எது வரும்னு எவ்வளவு சுலபமா ஊகிக்க முடியுதுங்கறதை வச்சுதான். ரொம்ப எதிர்பார்த்த மாதிரியே வார்த்தைங்க வந்தா மெஷின் எழுதினதுன்னு சொல்லிடும். இப்போ நம்ம பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க, ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இங்கிலீஷ்ல தெரிஞ்ச வார்த்தை கொஞ்சம், போதாததுக்கு நாமளே சீனியர் ரிப்போர்ட்டைக் கையில கொடுத்து "தி ப்ரொப்போஸ்டு சிஸ்டம் கன்சிஸ்ட்ஸ் ஆஃப்"னுதான் ஆரம்பிக்கணும்னு பழக்கி விட்டிருக்கோம், அப்புறம் அந்த எழுத்து ஊகிக்கிற மாதிரி இல்லாம எப்படி இருக்கும்?

ஸ்டான்ஃபோர்ட்ல 2023-ல இதை டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க. இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க டோஃபல் பரீட்சைக்கு எழுதின 91 கட்டுரையை 7 டிடெக்டர்ல போட்டாங்க, சராசரியா 61 பர்சென்டுக்கு மேல ஏஐ எழுதினதுன்னு தப்பா வந்துச்சு. அமெரிக்க எட்டாம் கிளாஸ் பசங்க எழுதினதை மட்டும் கிட்டத்தட்ட சரியாவே சொல்லிடுச்சு. சாட்ஜிபிடியைச் செஞ்ச ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில ஒரு டிடெக்டர் விட்டாங்க, ஏஐ எழுதினதுல 26 பர்சென்ட்தான் அது பிடிக்கும், மனுஷங்க எழுதினதுல 9 பர்சென்ட்டைத் தப்பா சொல்லும்னு அவங்களே அறிவிச்சாங்க, துல்லியம் போதலைன்னு ஜூலைலயே எடுத்துட்டாங்க. அமெரிக்காவுல வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டி அதே வருஷம் ஆகஸ்ட்ல, காப்பி கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் கம்பெனி டர்னிட்டினோட ஏஐ டிடெக்டரை ஆஃப் பண்ணிட்டாங்க. அவங்க போட்ட கணக்கு ரொம்ப சிம்பிள், வருஷத்துக்கு 75,000 பேப்பர், 1 பர்சென்ட் தப்பானாலும் சுமார் 750 பேப்பருக்கு வீண் பழி. டர்னிட்டினே இந்த ஸ்கோரை மட்டும் வச்சு மாணவர் மேல நடவடிக்கை எடுக்காதீங்கன்னுதான் சொல்றாங்க.

போன ரிவ்யூல நடந்ததைச் சொல்றேன். ஒரு பொண்ணு, வீட்டுல முதல் பட்டதாரி, சொட்டு நீர்ப் பாசனத்துக்கு சென்சார் வச்சு ப்ராஜெக்ட். ஸ்கோர் ரொம்ப அதிகம். கேலிபரேஷன் (சென்சார் ரீடிங்கைச் சரிப்படுத்துறது) எப்படிம்மா பண்ணீங்கன்னு கேட்டேன். "மேம், இந்த கெபாசிட்டிவ் சென்சார்ல காஞ்சிருந்தா ரீடிங் ஏறும், ஈரமானா இறங்கும், முதல்ல டம்ளர் தண்ணியில வச்சுப் பார்த்தோம், அப்புறம் எங்க ஊர் களிமண்ணுல வச்சா அந்த லிமிட் சரிப்படவே இல்ல, அதனால மண்ணுலயே காய வச்சு நனைச்சு திரும்ப எடுத்தோம்"னு நோட்டைப் பிரிச்சுக் காட்டுனா, பென்சில்ல எழுதி அடிச்சு அடிச்சு திருத்தின டேபிள். கூகுள் டாக்ஸ்ல எப்போ எதை எழுதித் திருத்தினாங்கன்னு காட்டுற வெர்ஷன் ஹிஸ்டரியும் இருந்துச்சு. இன்னொரு பேட்ச்ல ஸ்கோர் கிட்டத்தட்ட ஜீரோ. ஏழாவது ரெஃபரன்ஸ் என்ன சொல்லுதுன்னு கேட்டா பதில் இல்ல, டிஓஐ நம்பரை (ஆராய்ச்சிக் கட்டுரைக்குன்னு கொடுக்கிற அடையாள நம்பர்) டைப் பண்ணிப் பார்த்தா அப்படி ஒரு பேப்பரே கிடையாது. மொத்தத்தையும் ஏஐல வாங்கி, ஹியூமனைஸ் பண்ணி, அதாவது மனுஷங்க எழுதின மாதிரி மாத்தித் தர்ற வெப்சைட்ல போட்டு எடுத்திருக்காங்க. நம்பரை நம்பியிருந்தா யார் மாட்டியிருப்பா, யார் தப்பிச்சிருப்பா?

இதைவிட எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, தானே கஷ்டப்பட்டு எழுதின பிள்ளைங்ககூட பயந்துபோய் அந்த வெப்சைட்டுக்குப் போறாங்க, நல்லா இருந்த வாக்கியத்தைக் கெடுத்து ஸ்கோரைக் குறைச்சுட்டு வர்றாங்க.

அதுக்காக ஏஐயை எப்படி வேணா யூஸ் பண்ணட்டும்னு நான் சொல்லல. துருக்கியில ஆயிரம் பேர் கிட்ட ஸ்கூல் பசங்களை வச்சு கணக்குப் பாடத்துல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, சாதாரண சாட்பாட் கையில இருந்தப்போ பயிற்சியில 48 பர்சென்ட் கூடுதலா எடுத்தாங்க, அதை வாங்கிட்டு பரீட்சை வச்சப்போ ஏஐ இல்லாம படிச்சவங்களைவிட 17 பர்சென்ட் கம்மி. விடையை நேரா சொல்லாம குறிப்பு மட்டும் கொடுக்கிற மாதிரி மாத்தினப்போ அந்த நஷ்டம் பெருமளவு இல்லாமப் போச்சு. அதனால லேப்ல நான் பண்றது, முதல்ல சர்க்யூட்டை நீயே போடு, வேலை செய்யலையா, எங்க தப்புன்னு உன் ஊகத்தை நோட்ல எழுது, அதுக்கப்புறம் ஏஐகிட்ட கேளு, அது சொன்னதுல எது சரி எது தப்புன்னு மல்டிமீட்டர் வச்சுப் பார்த்து ரெட் பென்ல குறி. தப்பைக் கண்டுபிடிச்சா அதுக்குத் தனி மார்க்.

கிளாஸுக்கு அறுபது பேர், எல்லாருக்கும் வைவா வைக்க நேரம் ஏதுன்னு கேப்பீங்க. பேட்ச்சுக்கு நாலு பேர்னா பதினைஞ்சு பேட்ச், பேட்ச்சுக்கு பத்து நிமிஷம் போட்டாலும் ரெண்டரை மணி நேரம். ரிப்போர்ட்டை அப்லோட் பண்ணி, கலர் கலரா வர்றதைப் பார்த்து, பிள்ளைங்களைக் கூப்பிட்டு சண்டை போடுற நேரத்துல இதை முடிச்சிடலாம்.

பிள்ளைங்களுக்கும் சொல்றேன், டிராஃப்டை டெலீட் பண்ணாதீங்க, வெர்ஷன் ஹிஸ்டரி ஆன்ல இருக்கிற இடத்துல எழுதுங்க, ஏஐகிட்ட என்ன கேட்டீங்களோ அந்த சாட்டையும் சேவ் பண்ணி ரிப்போர்ட்டோட கடைசியில வச்சிடுங்க, இங்கிலீஷ் திருத்த மட்டும் யூஸ் பண்ணியிருந்தா அதையும் ஒரு வரி எழுதிடுங்க. ஹெச்ஓடிங்க இந்த வருஷ ப்ராஜெக்ட் சர்க்குலர்ல எதுக்கு ஏஐ யூஸ் பண்ணலாம், எதுக்குக் கூடாதுன்னு ஜூன் ஜூலைலயே எழுதிக் கொடுத்துடுங்க, மார்ச்ல ரிப்போர்ட் கைக்கு வந்தப்புறம் ரூல் போட்டா அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?