99 சதவீதத்தில் நின்றுபோகும் டவுன்லோட்: ஆன்டிவைரஸ் அங்கே என்ன செய்கிறது?

4 ஜிபி ஃபைல் ஒன்று நல்ல வேகத்தில் இறங்கிக்கொண்டே வந்து, 99 சதவீதத்தைத் தொட்டதும் அசையாமல் நின்றுவிடும். இல்லையென்றால் கடைசி நொடியில் 'ஆக்சஸ் டினைடு' என்று ஒரு எரர் வரும். உடனே எல்லோரும் இணையத்தைத்தான் திட்டுவோம். ஆனால் அந்தக் கட்டத்தில் பைட்டுகள் பெரும்பாலும் கணினிக்குள் வந்து சேர்ந்திருக்கும், மிச்சமிருப்பது கணினியின் வட்டில், அதாவது டிஸ்கில், நடக்கிற வேலை. தகராறும் அங்கேதான்.

ஃபைல்களை இறக்குவதற்கென்றே இருக்கும் மென்பொருளான டவுன்லோட் மேனேஜர் வேகமாக இறக்குவதற்குக் காரணம், அது ஃபைலை ஒரே இழுப்பாக இழுப்பதில்லை. இணையத்தில் கணினியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியின், 1997இல் வந்த 1.1 பதிப்பில் 'ரேஞ்ச்' என்று ஒரு வசதி உண்டு: "இந்த பைட்டிலிருந்து அந்த பைட் வரை மட்டும் கொடு" என்று சர்வரிடம் கேட்கலாம், சர்வர் 206 என்ற குறியீட்டோடு அந்தத் துண்டை மட்டும் அனுப்பும். இப்படி எட்டு இணைப்புகளில் எட்டுத் துண்டுகள் ஒரே நேரத்தில் வரும். நடுவில் நின்றுபோனதை விட்ட இடத்திலிருந்து தொடர முடிவதும் இதே வசதியால்தான். பல டவுன்லோட் மேனேஜர்கள் துண்டுகளைத் தற்காலிக ஃபோல்டரில் தனித்தனி ஃபைல்களாக வைத்துக்கொண்டு, எல்லாம் வந்ததும் ஒன்றாக ஒட்டி, சரியான பெயரை வைக்கின்றன.

அதே ஃபைல்கள் மேல் ஆன்டிவைரஸுக்கும் ஒரு கண். விண்டோஸில் அது வட்டுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவே ஒரு வடிகட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. யார் எந்த ஃபைலைத் திறந்தாலும், எழுதி மூடினாலும் அதற்குத் தெரிந்துவிடும். சரி, இப்போது கணக்குப் போடுங்கள்: 4 ஜிபி துண்டுகளாக எழுதப்படுகிறது, ஒட்டுவதற்காக அந்த 4 ஜிபியும் திரும்பப் படிக்கப்படுகிறது, மறுபடி ஒரே ஃபைலாக எழுதப்படுகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் ஆன்டிவைரஸின் ஸ்கேனரும் கூடவே எட்டிப் பார்க்கிறது. அந்த ஃபைல் ஒரு ஜிப்பாக இருந்துவிட்டால் ஸ்கேனர் அதைப் பிரித்து உள்ளே இருப்பதையும் பார்க்க வேண்டும், அப்போது 99 சதவீதத்திலேயே நெடுநேரம் நிற்பதில் ஆச்சரியமே இல்லை.

எரர் வருவது இன்னும் நுட்பமான இடத்தில். ஒட்டி முடித்த ஃபைலை மேனேஜர் மூடிய கணமே ஸ்கேனர் அதைத் திறந்து படிக்கத் தொடங்கலாம், அதே கணத்தில் மேனேஜர் பெயரை மாற்றப் பார்க்கிறது. வேறொருவர் திறந்து வைத்திருக்கும் ஃபைலின் பெயரை மாற்ற, அவர் திறக்கும்போதே அதற்கு இடம் கொடுத்திருந்தால்தான் விண்டோஸ் விடும், இல்லையென்றால் 'ஃபைல் வேறொரு மென்பொருளின் பயன்பாட்டில் இருக்கிறது' என்கிற எரர் 32 கிடைக்கும். லினக்ஸில் திறந்திருக்கும் ஃபைலின் பெயரையும் தாராளமாக மாற்றலாம் என்பதால் இந்தத் தொல்லை அங்கே இல்லை. நன்றாக எழுதப்பட்ட மேனேஜர் ஒரு நொடி பொறுத்து மறுபடி முயலும். அப்படி எழுதப்படாதது, முழுசாக வந்துசேர்ந்த ஃபைலைத் தோல்வி என்று அறிவித்துவிடும், எனக்கு இதில்தான் அதிகம் வருத்தம்.

அப்புறம் இணையப் பக்கமே ஒரு ஸ்கேன் உண்டு. சில ஆன்டிவைரஸ்கள், கணினி தங்களை நம்புவதற்காகச் சொந்தமாக ஒரு டிஜிட்டல் சான்றிதழைப் பதித்துக்கொண்டு, எச்டிடிபிஎஸ் எனப்படும் பூட்டப்பட்ட போக்குவரத்தையும் நடுவில் நின்று பிரித்துப் பார்க்கின்றன. எட்டில் ஒரு துண்டைப் பார்த்து அது கெட்டதா என்று சொல்வது கடினம், வைரஸின் அடையாளம் இரண்டு துண்டுகளின் எல்லையில் பிளந்து கிடக்கலாம். அதனால் சில ஸ்கேனர்கள் எல்லாம் வரும்வரை தரவைத் தங்களிடமே பிடித்து வைக்கும். மேனேஜருக்கோ வேகம் பூஜ்யமாகத் தெரியும், காத்திருந்து அலுத்துப்போய் இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி கேட்கும். நடுவில் 'ரேஞ்ச்' கோரிக்கையே நீக்கப்பட்டுவிட்டால், சர்வர் 206க்குப் பதில் 200 என்று சொல்லி முழு ஃபைலையும் முதலிலிருந்து அனுப்பும், விட்ட இடத்திலிருந்து தொடர்வது அத்தோடு போச்சு.

எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, இணைப்புகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துப் பார்ப்பது. அதில் ஒழுங்காக இறங்கினால் சந்தேகம் இணைய ஸ்கேன் மேல் போக வேண்டும், ஆனால் துண்டு துண்டாகக் கொடுக்க மறுக்கும் சர்வர்களும் உண்டு என்பதால் வேறொரு தளத்திலும் சோதியுங்கள். இறங்குவதெல்லாம் சரி, கடைசியில் மட்டும் சிக்கல் என்றால் அது வட்டு ஸ்கேன்.

ஆன்டிவைரஸை மொத்தமாக அணைத்துவிடச் சொல்பவர்கள் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். மேனேஜரின் தற்காலிக ஃபோல்டரை மட்டும் ஸ்கேனிலிருந்து விலக்குங்கள், முடிந்த ஃபைல் வேறொரு ஃபோல்டருக்குப் போகும்படி வையுங்கள். ஒரே டிரைவுக்குள் ஃபைலை நகர்த்துவது உண்மையில் பெயர் மாற்றம்தான், புதிதாக எதுவும் எழுதப்படுவதில்லை, அதனால் நகர்ந்தவுடனே ஸ்கேன் நடந்திருக்கும் என்று நம்ப முடியாது. திறப்பதற்கு முன் வலது கிளிக் செய்து நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள். ஃபோல்டருக்குப் பதிலாக மேனேஜர் மென்பொருளையே விலக்குவது இதைவிட ஆபத்து: மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் அப்படிச் செய்தால், அந்த மென்பொருள் எந்த ஃபோல்டரில் எந்த ஃபைலைத் திறந்தாலும் அந்த நேரத்தில் ஸ்கேன் நடக்காது.