கிள்ளான் ஆறு யாருக்குச் சொந்தம்?

கோலாலம்பூரின் மஸ்ஜிட் ஜாமேக் பள்ளிவாசல் அருகே பாலத்தில் நின்று பார்த்தால், கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கலக்கும் இடம் சிமெண்டுக் கரைகளுக்கு நடுவே ஒரு பெரிய வாய்க்காலாகத்தான் தெரியும். 1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் படகிலிருந்து இறங்கி, வெள்ளீயம் தேடி அம்பாங் பக்கம் நடந்தது இங்கிருந்துதான். ஒரே மாதத்தில் மலேரியாவுக்கு 69 பேர் பலியானார்கள்.

அன்றைய வழக்கப்படி, முகத்துவாரத்தை வைத்திருப்பவர் ஆற்றில் இறங்கும் ஈயத்துக்கு வரி வாங்குவார். முகத்துவாரத்தருகே தந்தை ஆண்ட கிள்ளான் தமக்கு வராமல் அப்துல்லாவுக்குப் போனது என்ற மனக்குறையோடு இருந்த ராஜா மஹாடி 1867இல் அதன் கோட்டையைப் பிடித்தார். சிலாங்கூர் சுல்தானின் மருமகன் துங்கு கூடின் தரப்பு 1870இல் அதை மீட்ட பிறகும் போர் 1873 வரை நீண்டது. மறு ஆண்டே பிரிட்டிஷார் சிலாங்கூர் அரசியலில் நுழைந்தனர். 1886இல் ரயில் வந்ததும் ஆற்று வணிகம் சரிந்தது.

படகுகள் மறைந்தபின் பிறந்த 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. ஆறுகளின் உடைமையும் கட்டுப்பாடும் அந்தந்த மாநில ஆட்சியாளரையே சேரும் என்றும், நிலப்பத்திரத்தில் வெளிப்படையாக வழங்கப்பட்டிருந்தால் மட்டுமே விலக்கு உண்டு என்றும் அது சொல்கிறது. ஆகவே, உங்கள் கிராண்டில், அதாவது நிலப்பத்திரத்தில், ஆறு எல்லையாக இருப்பதாலேயே ஆறு உங்களுடையதாகிவிடாது. உரிமமின்றி ஆற்றில் விழும்படி மரம் வெட்டுவதும் ஓட்டத்தை மறிப்பதும் குற்றம். மரத்தைப் பற்றிய இந்த விதியில் படகுக்காரர்களின் பழைய கவலை ஒளிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையோ பொதுவாக ஆற்றை மாநிலப் பட்டியலிலும், உள்நாட்டு நீரில் கப்பல் படகு ஓட்டுவதைக் கூட்டரசுப் பட்டியலிலும் வைத்துள்ளது. மஹாடியும் அப்துல்லாவும் ஒன்றாகவே கண்ட அதிகாரம் இப்போது இரண்டு கைகளில் இருக்கிறது. சிலாங்கூரில் நீர் எடுப்பது போன்றவற்றுக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த லுவாஸ் எனப்படும் சிலாங்கூர் நீர் மேலாண்மை வாரியத்தை அணுக வேண்டும்.

நம்மவர்களை நேரடியாகத் தொடுவது ரிசாப் சுங்கை எனப்படும் ஆற்று ஒதுக்கு நிலம். ஆற்றோரக் கோயிலுக்குக் கூரை நீட்டவோ மதில் எழுப்பவோ நினைக்கும் நிர்வாகத்தினர், முதலில் நில அலுவலகத்தில் ஒதுக்கு எல்லையைக் கேட்டு, வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் கருத்தை எழுத்தில் பெற வேண்டும். தேசிய நிலச் சட்டத்தில், அரசு நிலத்தை எத்தனை ஆண்டுகள் அனுபவித்து வந்தாலும் அதனாலேயே உரிமை பிறப்பதில்லை.