அப்பாயின்ட்மென்ட் நோட்டைக் கணினிக்கு மாற்றப் போகிறீர்களா?

பழைய வண்ணாரப்பேட்டையில் பல் மருத்துவம் பார்க்கிறேன். காசிமேட்டு மீனவர்கள் நிறையப் பேர் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வேர் சிகிச்சை மாதிரி இரண்டு மூன்று முறை வர வேண்டிய வேலையை எல்லாம் அப்போதைக்குத் தள்ளி வைத்திருந்து மொத்தமாக வருவார்கள். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் வேலை செய்பவர்களுக்கோ தீபாவளி முடியும்வரை லீவு கிடைக்காது. அடித்து அடித்து எழுதி நோட்டுத் தாங்காமல்தான் கணினிக்கு மாறினேன்.

முதலில் வாங்கிய மென்பொருள் பார்க்க நன்றாக இருந்தது. ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் இருந்தது, ஆனால் அந்தக் கோப்பு வேறு எந்த மென்பொருளிலும் திறக்கவில்லை. விற்றவர்களும் அதற்குள் தொழிலை மூடிவிட்டார்கள். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி ஒவ்வொருவருக்காகப் போன் போட்டோம். தற்காலிக அடைப்போடு போயிருந்த ஓர் அம்மா அதில் விடுபட்டுவிட்டார். கன்னம் வீங்கித்தான் திரும்ப வந்தார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

அதனால் விலை கேட்பதற்கு முன், தகவலை ஐசிஎஸ் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நாட்காட்டிப் பதிவுகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற 1998இல் வந்து 2009இல் திருத்தப்பட்ட பொதுத் தரம் அது. கூகுள் காலண்டர், அவுட்லுக், தண்டர்பேர்ட் மாதிரி நாட்காட்டி வசதி உள்ள மென்பொருள்கள் எல்லாம் அதைப் படிக்கும். விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். சோதனைக் காலத்திலேயே பத்துப் பதிவு போடுங்கள், பெயர்களைத் தமிழில் எழுதுங்கள், மாதாமாதம் திரும்ப வரும் கிளிப் சிகிச்சை ஒன்றையும் சேருங்கள். வெளியே எடுத்து வேறொன்றில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் வேண்டாம். ஒரு பதிவை வேறு நாளுக்கு மாற்ற எத்தனை கிளிக் ஆகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். படகு கரை திரும்பத் தாமதமானால் எங்களுக்கு அதுதான் முழு நேர வேலை.

அப்புறம் இணையம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கரண்ட் வந்தும் எங்கள் தெருவில் நெட் வர நாளானது. இணையத்தில் மட்டும் இயங்கும் நாட்காட்டி அன்று உதவியிருக்காது. இப்போது தண்டர்பேர்டை வைத்திருக்கிறேன். இலவசம், பதிவுகள் நம் கணினியிலேயே இருக்கும். ஆனால் அதைத் திறந்து வைத்திருந்தால்தான் நினைவூட்டல் வரும், நோயாளிக்கு எஸ்எம்எஸ் அனுப்பாது, பேக்கப் நம் பொறுப்பு. விண்டோஸோடு வந்த பழைய காலண்டர் செயலிக்கு 2024 டிசம்பர் 31உடன் ஆதரவு முடிந்தது, அதை நம்பி இருக்காதீர்கள்.

பதிவில் பெயரும் நேரமும் போதும். நோயை எழுத வேண்டாம். வரவேற்பு மேஜைத் திரையைக் காத்திருப்பவர்களும் பார்க்கிறார்கள்.

தினமும் சாயங்காலம் பூட்டும் முன் ஐசிஎஸ் கோப்பைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். மறுநாள் பட்டியலை ஒரு தாளில் அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுவார் எங்கள் உதவியாளர்.